நுண்பாசி எண்ணெயும் நாள்பட்ட அழற்சியும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. மூட்டுவலி, சர்க்கரை, சொரியாசிஸ், கல்லீரலில் கொழுப்பு என்று வருகிறவர்களில் பலர் இப்போது கையில் ஒரு டப்பாவையும் கொண்டு வருகிறார்கள். நுண்பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3 எண்ணெய் கேப்ஸ்யூல் அது, "பாசி ஒமேகா" என்கிறார்கள். மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, வீடியோவில் பார்த்தது. கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் சாப்பிடாதவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் உண்மையிலேயே உதவும் பொருள். வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடுகிற வீட்டுக்குப் பெரும்பாலும் அது தேவையில்லாத செலவு. இரண்டு பேருக்குமே அது மருந்துக்கு மாற்று இல்லை.

நாள்பட்ட அழற்சி என்றால் என்ன?

காலில் ஆணி குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கும். அது அழற்சி. உடம்பு கிருமியோடு சண்டை போட்டுப் புண்ணை ஆற்றுகிற வேலை அது, நமக்குத் தேவையானதும்கூட. வேலை முடிந்ததும் அது அடங்க வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால் அதுதான் நாள்பட்ட அழற்சி.

சிலருக்கு அது வெளியே தெரியும்: முடக்குவாதத்தில் காலையில் விரல் மடங்காது, சொரியாசிஸில் தோல் செதில் செதிலாக உரியும். பலருக்கு வெளியே எதுவும் தெரியாது. தொப்பைக் கொழுப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, சிகரெட், ஈறு நோய், சரியில்லாத தூக்கம் இவையெல்லாம் உள்ளுக்குள்ளேயே அதை வளர்க்கும். இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து மாரடைப்பு வருவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசு நுரையீரலின் ஆழம் வரை போய் அழற்சியைத் தூண்டும். நல்ல காற்றைக் கேட்பது நம் உரிமை. எந்த கேப்ஸ்யூலும் அதற்கு ஈடாகாது.

நுண்பாசி என்றால் குளத்தில் வழுக்குகிற பாசியா?

அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள். ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. எண்ணெய்க்காக வளர்ப்பது சிலவற்றை மட்டும்தான். அதிகம் பயன்படுவது ஸ்கைசோகைட்ரியம். கடலில் வாழும் இதை உயிரியல் வல்லுநர்கள் பாசிக்குப் பக்கத்து உறவு என்று வகைப்படுத்துவார்கள், சந்தையில் பாசி என்றே விற்பனையாகிறது. குழந்தைகளின் பால்மாவில் சேர்க்கும் எண்ணெய்க்கு கிரிப்தகோடினியம் என்ற வகை. இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பை அதிகம் தருவது நானோகுளோராப்சிஸ்.

ரம்ஜான் நோன்புக்குச் செய்யும் கடல்பாசியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கண்ணுக்குத் தெரியும் கடல் தாவரத்திலிருந்து எடுக்கும் அகர். நார்ச்சத்து வகை, அதில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். வயிற்றுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஒமேகா-3க்கு அதை நம்ப வேண்டாம்.

ஸ்பைருலினா மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் பாசிதானே?

ஸ்பைருலினாவில் புரதம் நிறைய உண்டு. ஆனால் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3 கொழுப்பும் அதிலிருந்து கிடைக்காது. பச்சை நிறப் பொடிகளும் மாத்திரைகளும் வேறு, பாசி எண்ணெய் வேறு. கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

ஒமேகா-3 மீனில்தானே இருக்கும்? பாசிக்கு எப்படி வந்தது?

மீனுக்குத்தான் பாசியிலிருந்து வந்தது. இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு நீளமான கொழுப்பு அமிலங்களைக் கடலில் பெரும்பாலும் உருவாக்குவது நுண்பாசிகள்தான். அவற்றை மிதவை உயிர்கள் தின்கின்றன. பாசியையும் மிதவை உயிர்களையும் கவலை மீனும் நெத்திலியும் தின்கின்றன. அவற்றை வஞ்சிரம் தின்கிறது. கொழுப்பு கைமாறிக் கைமாறி நம் தட்டுக்கு வருகிறது. பாசி எண்ணெய் என்பது நடுவில் இருக்கும் மீனை விட்டுவிட்டு மூலத்திலிருந்தே எடுப்பது.

இதைப் பெரிய தொட்டிகளில் வளர்க்கலாம் என்ற யோசனை வளர்ந்ததில் விண்வெளி ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. நெடும்பயணத்தில் பாசியை உணவாகவும் ஆக்சிஜனுக்காகவும் பயன்படுத்த முடியுமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்தவர்களில் சிலர் 1985இல் மார்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பாசி டி.எச்.ஏ.வைக் குழந்தைகளின் பால்மாவில் சேர்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் தடை சொல்லவில்லை. அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ஸ்கைசோகைட்ரியம் போன்றவற்றுக்கு வெயில்கூட வேண்டாம். மூடிய எஃகுத் தொட்டியில், இருட்டில், சர்க்கரைக் கரைசலைத் தின்று வளரும். கடல்நீரே தொடாததால் பாதரசம் போன்ற கன உலோகக் கவலை மிகக் குறைவு. இந்த எண்ணெயின் பெரிய பலம் அதுதான் என்பேன்.

இந்தக் கொழுப்பு அழற்சியை எப்படிக் குறைக்கிறது?

நம் ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது. நாம் சாப்பிடும் கொழுப்பின் தன்மை அந்தச் சவ்வில் தெரியும். அதில் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு இருக்கிறது. உடம்பு அழற்சியைத் தொடங்கும்போது சில நொதிகள் இதைப் பிடித்து புரோஸ்டாகிளாண்டின், லூக்கோட்ரையீன் என்ற பொருள்களாக மாற்றும். வலி, வீக்கம், சூடு எல்லாவற்றுக்கும் பின்னால் இவை இருக்கின்றன. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கிறது. அதைக் கண்டறிந்த ஜான் வேன், புரோஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாரக்கணக்கில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. சாப்பிட்டால் அவை சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். நொதி அதற்குப் பதிலாக இ.பி.ஏ.வைப் பிடித்தால் வெளிவரும் பொருள்களின் வீரியம் குறைவு. இது முதல் வழி.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் வியப்பானது. அழற்சி தானாகவே சோர்ந்து அடங்குகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதை அடக்குவதற்கென்றே உடம்பு தனிப் பொருள்களைச் செய்கிறது என்று 2000களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சார்லஸ் செர்ஹான் குழு காட்டியது. ரிசால்வின், புரொடெக்டின் என்று பெயர். அவற்றுக்கு மூலப்பொருள் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும்தான். சண்டை முடிந்த இடத்தில் இறந்த செல்களைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவிடுவது இவற்றின் வேலை.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும்: இது இன்று போட்டு நாளை வலி நிற்கும் மாத்திரை இல்லை. சவ்வு மாற நாள் பிடிக்கும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நிஜமாகவே வேலை செய்கிறதா?

நோயைப் பொறுத்தது. ஒரே பதில் சொல்ல முடியாது.

ஆதாரம் நன்றாக இருப்பது ருமட்டாய்டு என்று டாக்டர் எழுதும் முடக்குவாதத்துக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு நாளைக்குச் சுமார் 2.7 கிராம் இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்த்து மூன்று நான்கு மாதம் எடுத்தவர்களுக்கு மூட்டுவலியும் காலை விறைப்பும் ஓரளவு குறைந்தன, வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. நோய் போகவில்லை, கொஞ்சம் இளகியது. முழங்கால் தேய்மானத்துக்கு ஆதாரம் இவ்வளவு வலுவாக இல்லை. நம் பக்கம் மூட்டை தூக்குகிறவர்கள், படியேறி வீட்டுவேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தேய்மானத்தோடுதான் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் எடை குறைப்பும் தொடைத் தசைப் பயிற்சியும்தான் என்று சொல்லி அனுப்புகிறேன்.

நோய் வராமல் தடுக்குமா என்று அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வு பார்த்தது. 25,871 பேர், தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய், ஐந்து வருடத்துக்கு மேல். உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்கள் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு 15 சதவீதம் குறைவாக வந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. இதய நோயிலும் இழுபறிதான். தினம் 4 கிராம் சுத்திகரித்த இ.பி.ஏ. கொடுத்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன. ஒப்பிடுவதற்காக வேறு எண்ணெய் கொடுத்த குழுவுக்கு அந்த எண்ணெயே கெடுதல் செய்திருக்கலாம் என்ற வாதம் அதன்மேல் இருக்கிறது. இ.பி.ஏ.வையும் டி.எச்.ஏ.வையும் சேர்த்துக் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வை, பலனில்லை என்று 2020இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பெரிய ஆய்வுகள் எல்லாம் மீனிலிருந்து எடுத்த எண்ணெயில் நடந்தவை. பாசி எண்ணெயை நேரடியாக வைத்து நடந்தவை சிறியவை. 2008இல் வந்த ஓர் ஆய்வு, பாசி எண்ணெய் கேப்ஸ்யூலும் சமைத்த சால்மன் மீனும் இரத்தத்தில் டி.எச்.ஏ.வை ஒரே அளவு உயர்த்துகின்றன என்று காட்டியது. மூலக்கூறு ஒன்றுதான், உடம்புக்குள் போவதும் ஒரே மாதிரிதான். அதனால் மீன் எண்ணெயின் முடிவுகளைப் பாசிக்கும் பொருத்திப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "பாசி எண்ணெய் அழற்சியைக் குணமாக்குவது நிரூபணமாகிவிட்டது" என்று டப்பாவில் போட்டிருந்தால் அது மிகை.

நாங்கள் காசிமேடு ஆட்கள். வாரம் முழுக்க மீன்தான். எங்களுக்கும் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கவலை, மத்தி, கானாங்கெளுத்தி இந்த மூன்றும் ஒமேகா-3 நிறைந்த மீன்கள். கொழுத்த பருவத்தில் 100 கிராம் மத்தியில் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரம் 100 முதல் 200 கிராம் வரை மீன் சாப்பிடச் சொல்கிறது. உங்கள் வீட்டில் அது ஒரு வேளை குழம்பு.

விலை கூடினால் சத்தும் கூடும் என்று நினைக்காதீர்கள். வஞ்சிரம், வவ்வால் கிடைக்காதபோது கவலையை வேண்டாவெறுப்பாக வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. ஒமேகா-3யில் கவலை அவற்றுக்குக் குறைந்ததே இல்லை. சின்ன மீன் என்பதால் பாதரசமும் குறைவு.

எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். குழம்பில் வைத்தால் கரைந்த கொழுப்பும் குழம்பிலேயே இருக்கும், சோற்றோடு வயிற்றுக்குப் போகும். வறுக்கத்தான் வேண்டுமென்றால் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வறுங்கள். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

எண்ணூர் கழிமுகத்து மீன் பற்றியும் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவியதை யாரும் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரில் ஆலைக்கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் நெடுங்காலமாகக் கலந்து வருகின்றன. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கழிமுகத்து மீனைவிட ஆழ்கடலிலிருந்து வருவதைக் கொடுக்கச் சொல்கிறேன். கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறும். கவலைப்பட வேண்டாம். வருடம் முழுக்கச் சாப்பிட்டது செல்களில் சேர்ந்திருக்கும், மெதுவாகத்தான் குறையும். சின்னப் படகுகள் கொண்டு வருவதில் கிடைத்ததை வாங்குங்கள். கருவாட்டை மட்டும் இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். வெயிலில் காயும்போது ஒமேகா-3 கெட்டுப்போகும், உப்பும் அதிகம். பிரஷர் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும்.

சைவம்தான். ஆளிவிதைப் பொடி சாப்பிடுகிறேனே, போதாதா?

ஆளிவிதையில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற குட்டையான ஒமேகா-3. உடம்பு அதை நீட்டி இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக்க வேண்டும். இ.பி.ஏ. ஆவதே நூற்றுக்குச் சில பங்குதான், டி.எச்.ஏ. ஆவது அதைவிடக் குறைவு. ஆளிவிதை நல்ல உணவு, நார்ச்சத்தும் கிடைக்கிறது, நிறுத்தாதீர்கள். ஆனால் முடக்குவாதம் மாதிரி நோய்க்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர வேண்டுமென்றால் மீன் தொடாதவர்களுக்குப் பாசி எண்ணெய்தான் நேர்வழி. சௌகார்பேட்டை, தங்கசாலைப் பக்கத்துச் சைவக் குடும்பங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பாசியும் உயிர்தானே என்று தயங்குகிறவர்களும் உண்டு. அது அவரவர் நம்பிக்கை, அதில் நான் வற்புறுத்துவதில்லை.

கேப்ஸ்யூல் கூடு சைவமா? ஹலாலா?

உள்ளே இருப்பது பாசி எண்ணெய் என்றாலும் கூடு மாட்டு, பன்றி ஜெலட்டினாக இருக்கலாம். சைவர்கள் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். மண்ணடியிலிருந்து வருகிறவர்களும் இதையே கேட்பார்கள்: மாவுச்சத்து அல்லது கராஜீனன் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) கூடு என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஜெலட்டின் என்று மட்டும் போட்டிருந்தால் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

டப்பாவில் எதைப் பார்த்து வாங்குவது?

பெரிய எழுத்தை நம்பாமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முன்னால் "1000 மி.கி." என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்னால் டி.எச்.ஏ. 300, இ.பி.ஏ. 150 என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 450 மி.கி.தான். முடக்குவாத ஆய்வுகளில் கொடுத்த 2.7 கிராமுக்கு அதில் ஒரு நாளைக்கு ஆறு கேப்ஸ்யூல் வேண்டும். டி.எச்.ஏ. 100 மி.கி. மட்டும் இருக்கும் டப்பாவென்றால் இருபத்தேழு! ஒரு மாதச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். நோயெதுவும் இல்லாத சைவர் என்றால் கணக்கு சுலபம்: இரண்டும் சேர்த்து தினம் 250 மி.கி. போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு.

பல பாசி எண்ணெய்களில் டி.எச்.ஏ. மட்டும்தான் இருக்கும். அழற்சிக்காக எடுப்பவர்கள் இ.பி.ஏ.வும் இருப்பதைத் தேடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தைக் குறிக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற எழுத்தும் 14 இலக்க உரிம எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். காலாவதித் தேதி தூரத்தில் இருக்கட்டும். இந்தக் கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். நம் ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரை வீட்டு அலமாரியில் வைக்கவே கூடாது, பிரிட்ஜில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கேப்ஸ்யூலைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். காறல் வாடை குப்பென்று அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

எப்போது சாப்பிட வேண்டும்?

எண்ணெய், முட்டை, வேர்க்கடலை என்று கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது, ஏப்பமும் வரும். சமையலில் ஊற்றிக் காய்ச்சக் கூடாது.

சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா-6 அதிகமாமே? நிறுத்திவிடட்டுமா?

பயப்படாதீர்கள். அதிலிருக்கும் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டியதால் இரத்தத்தில் அழற்சி அளவு ஏறியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய கடை எண்ணெயில் சுட்ட பஜ்ஜியைக் குறைப்பதுதான் இதைவிட முக்கியம்.

யார் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது?

வார்பரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் என்று இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் பிப்ரில்லேஷன் உள்ளவர்கள், முன்பு வந்து போனவர்கள்: தினம் ஒரு கிராமுக்கு மேல் போனால் இந்தத் துடிப்புக் கோளாறின் வாய்ப்பு கூடுவது பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு அதிகமுள்ளவர்களும் கேளுங்கள், டி.எச்.ஏ. அதைக் கொஞ்சம் ஏற்றலாம். மாறாக, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பைக் குறைக்கும். சர்க்கரையைக் குறைக்காது.

அம்மாவுக்கு முடக்குவாதம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கொடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் மூட்டு அரிக்கப்படுவதையே தடுக்கின்றன. பாசி எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. வலி குறைந்த தைரியத்தில் மருந்தை விட்டால், வலி இல்லாமலே மூட்டு உள்ளுக்குள் அரிக்கும், கோணிய விரல் பிறகு நேராகாது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாரம் தவறாமல் கொடுங்கள். வசதியிருந்தால் அதோடு சேர்த்து இதையும் கொடுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கர்ப்பிணிகள் எடுக்கலாமா?

எடுக்கலாம், மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிட்டு. கர்ப்ப காலத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவமாவது 11 சதவீதம் குறைந்தது என்று 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. மீன் சாப்பிடாத கர்ப்பிணிக்கு டி.எச்.ஏ. கிடைக்கப் பாசி எண்ணெய் நல்ல வழி.

வேலை செய்கிறதா என்று எந்தப் பரிசோதனையில் தெரியும்?

அழற்சியை அளக்க எச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் காய்ச்சலோ சளியோ இருக்கும், அது போனபின் திரும்ப எடுக்க வேண்டும். ஒமேகா-3ஆல் இந்த எண் கொஞ்சம்தான் இறங்கும், சிலருக்கு இறங்காது. மூட்டு நோய் உள்ளவர்கள் இதைவிட எளிதாக ஒன்று செய்யலாம்: காலையில் விரல் இளக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் தினமும் குறித்து வையுங்கள்.

மூன்று மாதம் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தொடரட்டுமா?

முதலில் நீங்கள் எடுத்த அளவைப் பாருங்கள். 200, 300 மி.கி. மட்டும் எடுத்துவிட்டு மூட்டுவலி குறையவில்லை என்றால் அந்த அளவுக்கு அது எதிர்பார்க்கக் கூடியதுதான். டாக்டர் மேற்பார்வையில் சரியான அளவை நான்கு மாதம் எடுத்தும் நோட்டில் வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், திடீரென்று நிறுத்துவதால் கெடுதல் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் பல் டாக்டரிடம் ஈறைக் காட்டுங்கள், வீட்டுக்குக் கீரையும் பயறும் கூடுதலாக வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர் என்றால் கவலை வாங்கிக் குழம்பு வையுங்கள்.